அக்காவின் ஒருபொழுதும் கல்வராயன் அடிவாரத்து மதியச் சாப்பாடும்

இந்த வலைப்பூவில் இதுவரை அருவி, கோட்டை, பேருந்து, பரோட்டா என்றுதான் எழுதி வந்திருக்கிறேன். இந்த முறை போனது ஊர் சுற்றுவதற்கு அல்ல. உண்ணுதல் கோளாறு உள்ளவர்கள் சில மாதங்கள் தங்கிச் சிகிச்சை பெறும் இல்லம் ஒன்று கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறது. அங்கே என் அக்கா மகளைச் சேர்க்கலாமா என்று நேரில் பார்க்க ஏப்ரல் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை போனோம். இதே காரணத்துக்காகப் பெட்டி கட்டும் குடும்பங்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். எழுதச் சொன்னதே அவள்தான். பெயரை மட்டும் மாற்றச் சொன்னாள். பவித்ரா என்ற பெயரும் அவள் கொடுத்ததே. அங்கே இருக்கும் மற்ற பிள்ளைகளை நினைத்து இல்லத்தின் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை.

இன்னொன்று. கிலோமீட்டர், ரூபாய், நிமிடம் எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைக்கிறவன் நான். ஆனால் பவித்ராவின் எடை இந்தப் பதிவில் எங்கேயும் வராது. இந்த நோய் உள்ளவர்கள் அந்த எண்ணைப் பார்த்ததும் தங்கள் எண்ணோடு ஒப்பிட ஆரம்பித்துவிடுவார்கள் என்று அங்கே சொன்னார்கள். பின்னூட்டத்திலும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

பவித்ராவுக்குப் பத்தொன்பது வயது. விழுப்புரத்தில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். முதலில் ராத்திரிச் சோறு வேண்டாம் என்றாள். பிறகு கிருத்திகை, ஏகாதசி, புரட்டாசிச் சனி என்று ஒவ்வொன்றாக விரதம் பிடித்தாள். விரதம் என்று சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் எதிர்க்கேள்வி கேட்க மாட்டார்கள். "இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணா" என்று எங்கள் ஊர் களமருதூரே மெச்சியது. ஒருநாள் குளியலறையில் மயங்கி விழுந்தாள். நாங்கள் பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்ததை, பாண்டிச்சேரியில் இருந்த மருத்துவர் இதயத்துடிப்பைப் பார்த்துவிட்டுப் பட்டினி என்றார். ஒரு மாதம் போல ஆஸ்பத்திரியில் வைத்துத் தேற்றினார்கள். வீட்டில் வைத்துப் பார்த்தால் மறுபடி வழுக்கிவிடுவாள், தங்கிப் பார்க்கும் இடம் தேவை, இன்னொரு முறை இப்படி ஆனால் இதயம் தாங்குமா என்று சொல்ல முடியாது என்று அவர் சொன்னபோது, அக்கா என் கையைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது.

முதலில் வேறு ஊரில் ஓர் இடத்துக்குப் போனோம். வரவேற்பறையில் மீன்தொட்டி, ஏசி, சுவர் முழுக்கச் சிரித்த முகங்கள். நடத்துகிறவர் எடுத்த எடுப்பிலேயே, "பத்தே நாள்ல அள்ளி அள்ளிச் சாப்பிடுவாங்க, கேரண்டி" என்றார். ஃபேன் வாங்கவா போயிருக்கிறோம், கேரண்டி கொடுக்க? மாடிக்குப் போனால் ஒவ்வோர் அறைக்கும் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. சாப்பிட மறுத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "ரெண்டு பேர் பிடிச்சுக்குவாங்க" என்று சாதாரணமாகச் சொன்னார். பவித்ரா என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். அப்படியே திரும்பிவிட்டோம். அதற்குப் பிறகு இனி எந்த இல்லத்துக்கும் வரமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆக, கல்வராயன் அடிவாரம் எங்களுக்கு இரண்டாவது இடம். அனேகமாகக் கடைசி இடமும் அதுதான். "பாக்க மட்டும்தான் வருவேன். புடிக்கலன்னா உடனே கெளம்பிடணும்" என்பது பவித்ராவின் நிபந்தனை. சரி என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் வண்டி ஏறினோம். அத்தான் வரவில்லை. அன்றைக்குத்தான் எங்கள் பக்கத்துக் கழனிக்கு அறுவடை மெஷின் வருகிற முறை. அதை விட்டால் நெல் தலைசாய்ந்துவிடும்.

காலை ஆறரைக்குக் களமருதூரில் டவுன் பஸ் பிடித்து உளுந்தூர்பேட்டை. அங்கே கள்ளக்குறிச்சி வண்டிக்குக் காத்திருக்க வேண்டியதே இல்லை. ஒன்று போனால் பின்னாலேயே இன்னொன்று நிற்கும். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும், ஆளுக்கு முப்பத்தைந்து ரூபாய். ஓட்டுநருக்குப் பின்னால் இரண்டாவது வரிசை, இடது பக்கம் உட்காருங்கள், வெயில் அடிக்காது. ஏறுவதற்கு முன் நிலையத்தில் நான் இட்லி சாப்பிட்டேன். பவித்ரா மருத்துவர் எழுதிக்கொடுத்த பால் பானத்தைப் பாட்டிலில் கொண்டுவந்திருந்தாள். முக்கால் மணி நேரம் அதோடு மல்லுக்கட்டினாள். செவ்வாய்க்கிழமை ஆனதால் அக்கா டீ மட்டும் குடித்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமை விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

கள்ளக்குறிச்சியில் இறங்கி கச்சிராயபாளையம் போகும் டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நாற்பது நிமிடம். கரும்பும் மரவள்ளியும் மாறி மாறி வரும், மேற்கே மலை நீலமாகக் கிட்டே வந்துகொண்டே இருக்கும். அங்கிருந்து இல்லம் நான்கு கிலோமீட்டர், கோமுகி அணைக்குப் போகும் பக்கம். அணைப் பக்கம் என்று மட்டும் சொல்லி ஆட்டோ பேசினேன். நூற்றிருபது கேட்டார், நூறுக்கு வந்தார்.

ஆட்டோக்காரர் ஐம்பது வயதுக்காரர், கலகலப்பான ஆள். "மலைக்காங்க? ஃபால்ஸ்ல இப்ப தண்ணி கம்மிங்க, பாறைதான் தெரியும்" என்றார். உடனே திரும்பி, "சாப்டீங்களா எல்லாரும்?" என்றார். பவித்ராவைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இன்னாங்க, தங்கச்சி இம்மாம் எளைச்சிருக்குது!" என்று வேறு சேர்த்துக்கொண்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பவித்ரா துப்பட்டாவை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள். வண்டியை நிறுத்தச் சொல்லலாமா என்று யோசித்தபடியே நாங்கள் போகும் இடத்தைச் சொன்னேன்.

அவர் முகம் மாறிவிட்டது. வண்டியை ஓரம் கட்டினார். "அய்யய்யோ, அந்த வூட்டுக்காங்க? அங்க போறவங்கள சாப்டியான்னும் கேக்கக் கூடாது, எளைச்சிட்ட, பெருத்துட்டன்னும் சொல்லக் கூடாதுன்னு சிஸ்டரு ஸ்டாண்டுல வந்து எங்க எல்லாருக்கும் சொல்லிட்டுப் போனாங்க. மலைக்குப் போறீங்கன்னு நெனச்சு வாயி தவறிப் பூடுச்சு. கோச்சிக்காதம்மா."

"அப்ப இன்னா கேப்பீங்க?" என்றாள் பவித்ரா. அன்றைக்கு அவள் வெளியாளிடம் பேசிய முதல் பேச்சு அது.

"வெயிலு ஜாஸ்தியான்னு கேப்போம்" என்றார் அவர். "சொல்லு, வெயிலு ஜாஸ்தியா?"

"ஜாஸ்திதான்" என்றாள்.

இங்கே சாப்டியா என்று கேட்காமல் ஒருவரை வரவேற்பது எவ்வளவு கஷ்டம் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். கல்யாண வீட்டிலும் எழவு வீட்டிலும் அதைத்தான் கேட்கிறோம். ஓர் இல்லம் தன் மதில் சுவருக்கு வெளியே, ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் வந்து தன் ஆட்களைப் பார்த்துக்கொள்கிறது என்பது எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. ஒருமுறை ஏமாந்தவன் அல்லவா.

இல்லம் ஓட்டுக்கூரை வேய்ந்த நீளமான கட்டடம், பின்னால் ஒரு தளம் போட்ட வீடு, சுற்றிலும் புளியமரங்கள். பொறுப்பாளர் அமுதா, படித்த செவிலியர், சொந்த ஊர் ரிஷிவந்தியம். எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் வைத்திருந்தால் குளுகுளுவென்று இருந்திருக்குமே என்று கேட்டேன். "மேல எடம் கம்மி வெலைக்கே கெடச்சுதுங்க. ஆனா ஒரு பொண்ணுக்குத் திடீர்னு முடியலன்னா அத்தன வளைவும் எறங்கணும். இங்கேந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு முக்கா மணி நேரம். அதான் அடிவாரம்" என்றார். காட்சியைவிட ஆம்புலன்ஸைப் பெரிதாக நினைத்திருக்கிறார்கள். பயணக் கட்டுரை எழுதுகிறவனுக்கு இது கொஞ்சம் உறைக்க வேண்டிய பதில்தான்.

சுற்றிக் காட்டினார். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்று எல்லோரும் பார்க்கும் இடத்தில் மாட்டியிருந்தது. புதிதாகச் சேர்பவர்களுக்கு உணவை ஒரேயடியாக ஏற்றுவதில்லை. வாரத்துக்கு இத்தனை முறை ரத்தப் பரிசோதனை, இசிஜி என்று மருத்துவர் சொல்கிறபடி மெதுவாகத்தான் ஏற்றுகிறார்கள். பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையச் சோறு போனால் அதுவே உயிருக்கு ஆபத்தாகும் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. எடை பார்க்கும்போது எண் தெரியாதபடி திரும்பி நிற்க வைக்கிறார்கள். குளியலறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டு, ஆனால் அவசரத்துக்கு வெளியிலிருந்தும் திறக்கலாம். ராத்திரி இரண்டு பேர் விழித்திருக்கிறார்கள்.

பாண்டிச்சேரி மருத்துவர் எங்களுக்கு ஒரு கேள்வி சொல்லி அனுப்பியிருந்தார். அதைக் கேட்டேன்: "கடைசியா இங்க என்ன தப்பு நடந்துச்சு?" முதல் இடத்தில் இதே கேள்விக்கு, "நம்மகிட்ட ஒரு பிரச்சனையும் வந்ததே இல்லைங்க" என்று பதில் வந்திருந்தது.

அமுதா சிஸ்டர் யோசிக்கக்கூட இல்லை. "போன தைக்கு முன்னாடிங்க. இங்க வேலை செய்யற அம்மா ஒருத்தங்க, ரொம்ப எளகின மனசு. ஒரு பொண்ணு முழுங்க முடியாம அழுததும் பாவப்பட்டு, யாரும் பாக்காதப்ப அது தட்டுல இருந்தத இவங்க எடுத்து சாப்ட்டுட்டாங்க. மிச்சம் வெச்சா திட்டுவோம்னு நெனச்சுக்கினு. நாலு நாளு இப்புடியே போயிருக்குது. தட்டு காலியா இருந்துச்சா, நாங்களும் நல்லா சாப்புடுதுன்னு நெனச்சுக்கினோம். அஞ்சாவது நாளு அந்தப் பொண்ணு கெறங்கி வுழுந்துடுச்சு."

"அந்த அம்மாவ அனுப்பிட்டீங்களா?" என்றாள் அக்கா.

"இல்லீங்க. அவங்க பண்ணது தப்பு. ஆனா மிச்சம் வெச்சா திட்டு வுழும்னு அவங்க நெனச்சாங்க பாருங்க, அது எங்க தப்பு. அப்பறம் எல்லாரையும் ஒக்கார வெச்சுப் பேசினோம். இப்ப மேஜைக்கு ரெண்டு பேர் கூட ஒக்காந்து பாத்துக்கறாங்க. மிச்சம் வெச்சா அதுக்கு ஈடா ஒரு பானம், அவ்ளோதான், திட்டு கெடையாது. அந்தப் பொண்ணோட வூட்டுக்கும் நாங்களே ஃபோன் பண்ணிச் சொன்னோம்." கொஞ்சம் நிறுத்தி, "அந்தப் பொண்ணு நல்லாயி காலேஜ் போய்க்கினு இருக்குது" என்றார். பவித்ரா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி ஒன்று. சேர்வதற்கு முன்பு குடும்பம் ஒருவேளை எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். நீளமான மேஜை. ஏழெட்டுப் பெண்கள், இரண்டு பையன்கள், நடுநடுவே ஊழியர்கள். எல்லோருக்கும் ஒரே சாப்பாடு: சோறு, சாம்பார், முருங்கைக்கீரை, முட்டை, ரசம், மோர். அக்கா உட்காராமல் நின்றாள்.

"எனக்கு வேணாங்க சிஸ்டர். இன்னிக்கு ஒருபொழுது. பொழுது சாஞ்சுதான் சாப்புடுவேன்."

"எதுக்குங்க ஒருபொழுது?"

"இவ சாப்புடணும்னுதான். மாரியாத்தாளுக்கு வேண்டிக்கினு இருக்கேன். செவ்வா, வெள்ளி. இவ நல்லபடியா சாப்புடற வரைக்கும் நானும் ஒருவேளதான்."

இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். எங்கள் சொந்தத்தில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். தாய் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நாங்கள் பெருமையாகப் பேசிக்கொண்டோம். மகள் சாப்பிடுவதற்காகத் தாய் பட்டினி கிடப்பதில் இருக்கும் கோளாறு ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை.

அமுதா சிஸ்டர் சிரிக்கவில்லை, உபதேசமும் செய்யவில்லை. "வேண்டுதல வுடுங்கன்னு நான் சொல்ல மாட்டேங்க. அது உங்களுக்கும் சாமிக்கும் இருக்கறது. ஆனா சாப்புடாதவங்க இந்த மேஜையில ஒக்கார்றது இல்ல. டாக்டரே வந்தாலும் அப்புடித்தான். நீங்க வராண்டாவுல ஒக்காருங்க, முடிஞ்சதும் கூப்புடறேன்."

அக்கா முகம் சிறுத்துப்போயிற்று. எனக்குக் கோபம். பெற்றவளை வெளியே உட்காரச் சொல்கிற இடம் என்ன இடம் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டேன். கிளம்பலாம் என்று சொல்ல வாயெடுத்தபோது பவித்ரா பேசினாள். தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"செவ்வாக்கெழமையும் வெள்ளிக்கெழமையும் நீ பட்டினியா நின்னுக்கினு எனக்குச் சோறு போடுவ. என்னாலதான் எங்கம்மா பட்டினின்னு இருக்கும். அதப் பாத்துக்கினு எனக்கு எப்புடிம்மா எறங்கும்? வேணாம்னு சொல்ல பயமா இருந்துச்சு. சாமி விஷயம்."

நான் மறுபடி உட்கார்ந்தேன். ஒரு பையன் ரசத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

அக்கா வெளியே போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குழாயடியில் கிழக்கே பார்த்து நின்றாள். எங்கள் ஊர் அந்தத் திசை. கன்னத்தில் போட்டுக்கொண்டாள். உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று நான் இதுவரை கேட்கவில்லை. கை கழுவிக்கொண்டு உள்ளே வந்து மகளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "போடுங்க" என்றாள். முதல் உருண்டையைக் கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டாள். சாமிகுத்தம் என்று பயந்து வளர்ந்தவள் அவள்.

பவித்ராவும் சாப்பிட்டாள். சினிமாவில் வருகிற மாதிரி எல்லாம் இல்லை. மணிக்கணக்காகச் சோற்றைப் பிரித்துப் பிரித்து வைத்தாள், கண் கலங்கினாள், பாதிக்கு மேல் முடியவில்லை. ஈடாகப் பானம் வந்தது. அதையும் அழுதுகொண்டேதான் குடித்தாள். எதிரில் இருந்த பெண், "மொத நாளு நான் தட்டத் தள்ளிவுட்டேன், நீ பரவால்ல" என்றாள்.

பிறகு பவித்ரா சிஸ்டரிடம் நேராகவே கேட்டாள். "நான் போகணும்னு சொன்னா வுடுவீங்களா?"

"வெளிப்பூட்டு எந்தக் கதவுக்கும் இல்லம்மா. நீயே எழுதிக் குடுத்து சேரற, நீயே கேட்டு போலாம். உன் உசுருக்கு ஆபத்துன்னா மட்டும் டாக்டரு தடுப்பாரு. அது எதுக்குன்னு உனக்கும் அம்மாவுக்கும் வெளக்குவோம். எங்கள பத்திப் புகார் சொல்றதுக்கு வெளியாளோட நம்பரு ஃபோனுக்குப் பக்கத்துலயே இருக்குது, யார கேட்டும் பண்ண வேணாம்."

பவித்ரா எழுந்து போய்க் கதவுகளைப் பார்த்தாள். நிஜமாகவே ஒவ்வொன்றாகப் பார்த்தாள். திரும்பி வந்து, "இருக்கேன்" என்றாள்.

சாயங்காலம் நானும் அக்காவும் மட்டும் ஊருக்குத் திரும்பினோம். பஸ் தியாகதுருகம் தாண்டியதும் அக்கா, "பட்டினி கெடக்கறதுக்குப் பதிலா ஆடியில கூழு ஊத்தறேன்னு மாத்திக்கினேன்டா. ஆத்தா ஒத்துக்குவாளா?" என்றாள். ஒத்துக்கொள்வாள் என்றேன். அது எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு நான்கு தடவை போய்விட்டேன், அதில் இரண்டு தடவை சொல்லாமல் கொள்ளாமல். இரண்டு தடவையும் அதே மேஜை, அதே சாப்பாடு. ஒருநாள் மட்டும் மேலே வெள்ளிமலை வரை ஏறினேன். சாமை விதைத்த சரிவுகளும் பலாமரங்களும் பார்க்க வேண்டியவை. திரும்புவதற்குக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் சிக்னல் கிடைக்காது.

இல்லம் தேடிப் போகிறவர்களுக்கு: நான் மருத்துவன் இல்லை. மயக்கம், படபடப்பு என்றால் முதலில் ஆஸ்பத்திரி, இல்லம் எல்லாம் அப்புறம். பதிவுச் சான்றைக் கேளுங்கள். எந்த ஆஸ்பத்திரியோடு ஏற்பாடு, போய்ச் சேர எவ்வளவு நேரம் என்று கேட்டு அந்தப் பாதையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். இத்தனை நாளில் இவ்வளவு எடை என்று வாக்குக் கொடுத்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். கடைசியாக நடந்த தப்பைக் கேளுங்கள். சொல்ல ஒன்றும் இல்லை என்கிறவரை நம்பாதீர்கள். கட்டணத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போகிற நாளில் நீங்கள் விரதம் இருக்காதீர்கள்.

ஆடி மூன்றாவது வெள்ளிக்கு மருத்துவரும் பவித்ராவும் பேசி, இரண்டு நாள் வீட்டுக்கு வந்துபோகலாம் என்று முடிவானது. முந்தின நாள் ராத்திரி அவள் ஃபோனில் பயந்து அழுதாள், வரவே மாட்டேன் என்றுகூடச் சொன்னாள். காலையில் அவளே கிளம்பி வந்தாள். கோயில் முன்னால் அண்டா வைத்து அக்கா கூழ் ஊற்றிக்கொண்டிருந்தாள். பவித்ரா வரிசையில் நின்று ஒரு டம்ளர் வாங்கினாள். வேப்பமரத்தடியில் என் பக்கத்தில் நின்று சின்னச் சின்ன மடக்காகக் குடிக்க ஆரம்பித்தாள். அக்கா நிமிர்ந்து பார்க்கவே இல்லை. பார்க்காமல் இருக்க அவள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பாதி டம்ளர் போயிருக்கும். குண்டானோடு வந்த பக்கத்து வீட்டு அம்மா பவித்ராவைப் பார்த்துவிட்டார். "இன்னா செல்வி, உம் பொண்ணு இப்புடி எளை..." என்று ஆரம்பித்தார்.

அக்கா கரண்டியால் அண்டா விளிம்பில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். "குண்டான நீட்டு. பின்னால ஆளு நிக்குது. வெயிலு ஜாஸ்தி, சீக்கிரம் வூட்டுக்குப் போ."

பவித்ராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூழ் புரையேறி, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, டம்ளரில் மீதி இருந்ததில் பாதியைக் குடித்தாள்.